பொம்மை உருவில் பொல்லாத் தீ

தோழனே! வாத்து உருவம், வண்ணப் பூச்சு, வயிற்றிலோ நெருப்பு! அதுதான் பொம்மை லைட்டர். மழலைக் கரம் எடுக்கிறது, அழுத்துகிறது. பற்றி எரிகிறது வீடு. குற்றம் குழந்தையுடையதா? அன்று! கொள்ளிக்குப் பொம்மை வேடமிட்டு விற்றவனுடையது!

“குழந்தைத் தடுப்பு விசை இருக்கிறதே, போதாதா?” என்பார் உண்டு. அமெரிக்க அரசின் 1994ஆம் ஆண்டு விதியைப் பார்: சோதனையில் நூற்றுக்கு 85 குழந்தைகளால் பற்றவைக்க முடியாவிட்டால், லைட்டர் தேறிவிடும். எஞ்சிய 15 பேர் எவர் வீட்டுச் செல்வங்கள்?

எனவேதான், விசை மட்டும் போதாது, பொம்மை உருவே கூடாது என்று 2007 மார்ச் 11 முதல் தடுத்தது ஐரோப்பிய ஒன்றியம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் 2008இல் அவ்வழி நின்றது.

வணிக உரிமை போயிற்றே என வாடுவோரைக் கேள், தோழனே: இழந்த ஆதாயத்தை ஈட்டலாம், கருகிய தளிரை மீட்கலாமா?