'கவனக்குறைவு' என்று எழுதுவதற்கு முன் அந்தக் கவரைப் பாருங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். வீட்டில் மரவேலை நடத்துகிறவர்களும் கட்டர் மெஷின் விற்கிற கடைக்காரர்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் இடது கையில் இரண்டு விரல்களை இழந்துவிட்டான். பையன் என்று எனக்குத்தான் வாயில் வருகிறது, நாற்பதைத் தாண்டிவிட்டான். இருபது வருடமாகத் தச்சு வேலை. செய்திக்குக் கீழே வந்த பதில்கள்: "கவனமா இருக்கக் கூடாதா?" "செல்போன் பார்த்துக்கிட்டே வேலை செஞ்சிருப்பான்." நல்ல உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர், "கவனக்குறைவுக்கு மருந்தில்லை" என்று எழுதி, கூடவே கும்பிடுகிற பொம்மையும் போட்டிருந்தார்.

அந்தக் 'கவனக்குறைவு' என்ற ஒரு வார்த்தை மீதுதான் எனக்குக் கோபம். 34 வருடம் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள் நான். ஒரு கணக்கை வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாகப் போட்டால் அந்தப் பிள்ளையின் நோட்டைப் பார்க்க வேண்டும். வகுப்பே அதே வரியில் தப்புப் போட்டால் கரும்பலகையைப் பார்க்க வேண்டும். ஊர் ஊராக, பட்டறை பட்டறையாக, நல்ல தொழில்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கவரைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிறார்கள் என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கவனம் போய்விட்டதா? அந்தக் கவரை யார், எப்படிச் செய்தார்கள் என்று ஒருவராவது கேட்டோமா?

நான் போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹேண்ட் கிரைண்டரில் மரம் அறுக்கிற பிளேடைப் போட்டு பிளைவுட் வெட்டியிருக்கிறான். பிளேடு மரத்தில் பிடித்துக்கொண்டு மெஷின் தூக்கி அடித்திருக்கிறது.

"கவர் எங்கடா?"

"முந்தின சைட்ல கழட்டினது டீச்சர். சாண்டிங் பேடு போட்டேன். கவர் இருந்தா பேடு ஒழுங்கா உக்காராது. கழட்டிப் பையில போட்டேன், அந்தப் பை அங்கேயே இருக்கு."

"திரும்ப மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஸ்க்ரூ டிரைவர் கையில இருந்தா அஞ்சு நிமிஷம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை டீச்சர்?"

இந்தக் கடைசிக் கேள்விக்குக் 'கவனக்குறைவு' கோஷ்டியிடம் பதில் இருக்கிறதா? அவனுடைய ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் பிளைவுட் வெட்ட ஒரு பிளேடு. பத்து மணிக்கு அலுமினிய சேனல் வெட்ட வேறு வீல். அப்புறம் ஓரம் தேய்க்க பேடு. மறுபடி பிளைவுட். கவரைப் பிடித்திருப்பது ஒரு வளையமும் அதை இறுக்கும் ஒரு திருகும். கழற்றினால் ஒரு துண்டு தனியாக வந்துவிடும். பிளேடு இல்லாமல் மெஷின் வேலை செய்யாது, அதனால் பிளேடு திரும்ப வந்துவிடும். கவர் இல்லாமலும் மெஷின் ஓடும், அதனால் கவர் பையிலேயே கிடக்கும். இதை மனித இயல்பு என்று சொல்லலாம், குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த 4 இஞ்ச் வட்டு எப்படிப்பட்டது என்பதற்கு ஆறாம் வகுப்புக் கணக்கே போதும். விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 314 மில்லிமீட்டர். சிறிய கிரைண்டர்கள் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். பெருக்கினால் நிமிடத்துக்கு 3,454 மீட்டர், மணிக்கு 207 கிலோமீட்டர். 40 பல் பிளேடாக இருந்தால் ஒரு நொடியில் 7,300-க்கும் மேற்பட்ட பற்கள் ஒரே இடத்தைக் கடந்து போகின்றன. "ஜாக்கிரதை" என்ற சொல்லை நாம் உச்சரித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த வேகத்துக்கும் விரலுக்கும் நடுவில் நிற்க வேண்டியது ஒரு தகடு. அந்தத் தகட்டை ஒற்றைத் திருகில் தொங்கவிட்டு, மீதிப் பொறுப்பைத் தொழிலாளி தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. கிரைண்டர் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். பல் உள்ள ரம்ப பிளேடை இதில் மாட்டாதே, திரும்ப அடிக்கும் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதில் அச்சடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். அந்த மெஷினை விற்கிற கடையிலேயே, கைக்கு எட்டும் உயரத்தில், அதே அளவுத் துளையோடு பல் பிளேடு சரம் சரமாகத் தொங்குகிறது. வாங்குகிறவன் எதை நம்புவான், படிக்க முடியாத புத்தகத்தையா, கண்ணுக்கு முன் தொங்கும் பிளேடையா?

"சரியான வட்ட ரம்பம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?" என்பார்கள். அதையும் பார்த்தேன். என் வீட்டு மாடியில் அலமாரி வேலை நடந்தபோது, பிளேடு மாற்றுவதைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். மேல் கவர் அசையாது. கீழ் கவர் ஸ்பிரிங்கில் நிற்கும். மரத்தில் தள்ளும்போது விலகி, எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும். நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிளேடை மாற்றும்போது நடப்பதைக் கேளுங்கள். மெஷின் நகராமல் அழுத்திப் பிடிக்க ஒரு கை. அச்சு சுழலாமல் பூட்டும் பட்டனை அழுத்த ஒரு கை. ஆலன் கீயால் போல்ட்டைத் திருக ஒரு கை. போல்ட்டும் வாஷரும் வந்த பிறகு, கீழ் கவரை ஸ்பிரிங்குக்கு எதிராக ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே, கூர்மையான பிளேடைச் சந்து வழியாக இன்னொரு கையால் உருவ வேண்டும். முருகனுக்குப் பன்னிரண்டு கை இருக்கிறது, அவருக்குச் சரிப்படும். நம் ஆட்களுக்கு இரண்டுதான். சில மாடல்களில் கவரைத் தூக்கும் பிடி பொட்டுக்கடலை அளவு. அதோடு மரத்தூளும் பிசினும் சேர்ந்து கவர் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

அதனால் என்ன செய்கிறார்கள்? கீழ் கவரைத் தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுகிறார்கள், அல்லது ஒரு மர ஆப்பைச் செருகிவிடுகிறார்கள். பிளேடு மாற்றுவதற்காகக் கட்டியது. மாற்றி முடித்ததும் அவிழ்க்க வேண்டும் என்பது எண்ணம். அதற்குள் மேஸ்திரி கூப்பிடுவார், அல்லது நாம் கூப்பிடுவோம்.

ஆமாம், நாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று அடித்துப் பேசிவிட்டு, கிரகப்பிரவேசத் தேதியையும் குறித்துவிட்டு, "இன்னும் முடியலையா?" என்று மாடிப்படியில் நின்று கேட்கிறவர்கள் யார்? கவர் மாட்டுகிற அந்த ஐந்து நிமிடத்துக்கு நாம் யாராவது காசு கொடுக்கிறோமா?

நம்மூர் மின்வெட்டை மறந்துவிடக் கூடாது. பல கிரைண்டர்களில் தள்ளினால் அப்படியே நிற்கிற சுவிட்ச். வேலை நடுவில் கரண்ட் போய்விடும். "இதுதான் சமயம், பிளேடை மாத்திடலாம்" என்று உட்காருவான். பிளக் எங்கேயோ கீழ்த்தளத்தில், எக்ஸ்டென்ஷன் பெட்டியில். சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருக்கும். கரண்ட் வரும். கரண்ட் திரும்பி வந்தாலும், சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் ஓடும் என்கிற அமைப்பு சில மெஷின்களில் இருக்கிறது. அதை விலை கூடிய மெஷினுக்கான அலங்காரம்போல் வைத்திருப்பது என்ன நியாயம்? மின்வெட்டு விலை பார்த்தா வருகிறது?

வழி இல்லாமல் இல்லை. கவரைத் திருகுக்குப் பதில் ஒரு நெம்புபிடியால் இறுக்கும் கிரைண்டர்கள் சந்தையில் இருக்கின்றன, கையாலேயே தளர்த்தலாம், இறுக்கலாம். வட்டைச் சாவி இல்லாமல் சொடுக்கி மாட்டும் எக்ஸ்-லாக் என்ற முறையை பாஷ் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது. வட்ட ரம்பத்துக்கும் கேட்கிறேன்: கீழ் கவரைத் திறந்த நிலையில் நிறுத்தி வைக்க ஒரு கொக்கி, அந்தக் கொக்கி விழுந்திருக்கிற வரை மோட்டார் ஓடாதபடி ஒரு சுவிட்ச். இது என்ன ராக்கெட்டா? முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினில் கதவு மூடாமல் தண்ணீர்கூட இறங்காது. உள்மூடி குக்கரில் ஆவி அடங்காமல் மூடி கழறாது. துணிக்கும் சோற்றுக்கும் காட்டிய அக்கறையை விரலுக்குக் காட்டக் கூடாதா?

அமெரிக்காவில் மேஜை ரம்பத்தில் இதே கதை நடந்திருக்கிறது. பழைய மாடல்களில் கவரும், பிளேடுக்குப் பின்னால் நின்று மரம் நெருக்காமல் தடுக்கும் தகடும் ஒரே துண்டு. மரத்தில் காடி எடுக்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் கழற்ற வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்ட ஆளில்லை. மேஜை ரம்பப் பல் பட்டு ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் காயம் அடைவதாக அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே மதிப்பிட்டது. பிறகு வந்த மாடல்களில் தகடு தனி, கவர் தனி. தகடு பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும், காடி எடுக்கும்போதும் கழற்ற வேண்டாம். விரல் பட்டதும் பிளேடை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நிறுத்தும் சாஸ்டாப் என்ற கருவியும் அங்கே உண்டு. ஒருமுறை வேலை செய்தால் தடுப்புக் கட்டையும் பிளேடும் மாற்ற வேண்டும். நம் பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகாது. நான் கேட்பது அதை அல்ல, ஒரு நெம்புபிடியையும் ஒரு கொக்கியையும்தான்.

"சட்டம் இருக்கிறதே" என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் அந்த 10-ஐ 20 ஆக்கியது. நம் மரவேலைக்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் ஒரு உதவியாளோடு வருகிறார். அவர் எந்தச் சட்டத்துக்குள் வருவார்? எந்த ஆய்வாளர் என் வீட்டு மாடிக்கு வரப் போகிறார்? ஆய்வாளர் வர முடியாத இடத்துக்கெல்லாம் மெஷின் வருகிறது. அதனால் பாதுகாப்பு மெஷினிலேயே வர வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பஞ்சாப், அரியானா பக்கம் கதிரடிக்கும் இயந்திரத்தில் விவசாயிகள் கை போய்க்கொண்டிருந்தது. "கவனமாகத் தள்ளுங்கள்" என்று வானொலியில் அறிவுரை சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1983-இல் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தயாரிப்பவர் மேலும் விற்பவர் மேலும் பொறுப்பு வைத்தது. கதிர் ஊட்டும் வாய், கை உருளையை எட்டாத அளவுக்கு மூடி நீளமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் விதியாக வலுப்பெற்றது. கோதுமை அடிக்கும் கைக்குக் கிடைத்தது பிளைவுட் அறுக்கும் கைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

"கவர் போட்டால் கோடு தெரியாது" என்று தொழில்காரர்களே சொல்கிறார்கள். உண்மைதான். அதுவும் வடிவமைத்தவன் குறை. கோடு தெரிய ஒரு வெட்டு விடலாம், தூள் ஒட்டினால் துடைக்கிற மாதிரி செய்யலாம். "விலை ஏறும்" என்கிறார் கடைக்காரர். ஏறட்டும். கை வைத்தியத்துக்கு அவன் வீட்டு நகை அடகுக்குப் போனதைவிட அதிகமாகவா ஏறிவிடும்? வேலைக்காரர் நான்கு பேர் உள்ள பட்டறைக்கு இஎஸ்ஐ கட்டாயமும் கிடையாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் விபத்துக்கு ஏதோ கிடைக்கும்; பதியாதவர்கள் என் மாணவர்களிலேயே நிறையப் பேர். இதைப் படிக்கிற பிள்ளைகள் இந்த வாரமே போய்ப் பதிந்துகொள்ளுங்கள்டா.

கடைக்குப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் மெஷினைக் கையில் வாங்குங்கள். சாவி இல்லாமல் கவரை நகர்த்த முடிகிறதா, சாவி இருந்தால் அது மெஷின் உடம்பிலேயே செருக இடம் இருக்கிறதா, கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுமா என்று கேளுங்கள். பதில் தெரியாது என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். நான்கு பேர் அப்படித் திரும்பினால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். வீட்டில் வேலை நடத்துகிறவர்கள் கூலி பேசும்போதே "கவர் இல்லாம என் வீட்ல மெஷின் ஓடக் கூடாது, அதுக்கு ஆகிற நேரம் என் கணக்கு" என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், இரண்டாம் நாள் கவர் வந்துவிட்டது.

மேலே சொன்ன வாதத்தோடு சேராத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸ் கட்டியில் போடாதீர்கள், தண்ணீரிலும் ஊற வைக்காதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட பாத்திரத்தில் வையுங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியே வைத்திருங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், விரலை ஒட்டவைக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் உங்கள் மாவட்டத்தில் அந்த வசதி எங்கே என்று இன்றே விசாரித்து, பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.