தேமல் கார்

எங்கட வீட்டுக் காருக்கு ஒழுங்கையில 'தேமல் கார்' எண்டுதான் பேர். சில்வர் கலர், வயசு இருபதை நெருங்குது. கூரையிலும் பொனட்டிலும் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்து, நகத்தால் சுரண்டினால் மெல்லிய தோலாக உரிந்து வருகிறது. "கழுவுறேல்லையோ?" எண்டு கேட்காத ஆள் இல்லை. அப்பாவுக்கு இது மானப்பிரச்சினை.

கழுவாததால் வந்த வருத்தமில்லை இது. உரிவது நிறம் அல்ல, நிறத்துக்கு மேல் பூசியிருக்கும் கிளியர் கோட். தலைமுடியைவிட மெல்லிய அந்தப் படைக்குள் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருட்கள் கலந்திருக்கும். வருசக்கணக்கில் வெயில் பட்டு அவை தீர்ந்துபோக, படை வெடிக்கும், தண்ணி உள்ளே போகும், பிடி விடும். கதவுகள் பளபளவென்று இருக்க, வானத்தைப் பார்த்தபடி கிடக்கும் கூரையும் பொனட்டும் முதலில் போவது அதனால்தான்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுற ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர்களின் அந்தக்காலப் பெயின்டில் தனிக் கிளியர் கிடையாது. மங்கும், மா மாதிரிக் கையில் ஒட்டும், தேய்த்துப் பொலிஷ் பண்ண மினுங்கும். அந்தக் கைவைத்தியம் எங்கட கார்களுக்குச் சரிவராது. கட் அண்ட் பொலிஷ் என்பதே கிளியரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து எடுப்பதுதான். அடிக்கடி செய்து நாங்களே அந்தத் தோலை மெலிய வைத்தோம்.

2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்தும் என்ன, வரியைக் கேட்டால் தலை சுத்தும். பழைய கார்தான் கதி. அதனால் "மேலால ஒரு கிளியர் அடிச்சு விடுங்கோ" என்ற பேரமும் ஓயாது. நாங்களும் கேட்டோம். அடித்தார்கள். எட்டு மாதம் தாங்கவில்லை. உரிகிற தோலுக்கு மேல் பூசினால், பழையது கழரும்போது புதுசும் சேர்ந்து வரும். பழைய கிளியரைத் தேய்த்தெடுத்து, அந்தத் தகடு முழுக்க நிறமும் கிளியரும் புதிதாக அடிக்க வேணும். வேற குறுக்கு வழி இல்லை.

எனக்கு உறுத்துவது போன காசு இல்லை. அன்றைக்கு அடித்த அண்ணா தகரக் கொட்டிலுக்குள் மூக்கில் லேஞ்சி கட்டிக்கொண்டு நின்றவர். கிளியரோடு கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகாரை மூச்சோடு இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருக்கா உடம்புக்கு ஒவ்வாமல் போனால், பிறகு துளியளவு பட்டாலும் இழுக்கும். தொழிலையே விட வேண்டி வரும். ஆபத்தான அளவிலும் மணம் காட்டிக் கொடுக்காது. லேஞ்சியோ கொரோனா மாஸ்க்கோ அதை மறிக்காது. குழாய் வழியே சுத்தமான காற்றைக் கொண்டுவரும் முகமூடி வேணும். நாங்கள் அடிச்சுப் பேசிக் குறைத்த காசு எங்கேயிருந்து குறைந்தது எண்டு இப்பதான் விளங்குது.

என்னைக் கேட்டால், தேமலோடு கார் ஓடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. ஓடட்டும். தகரம் தெரிந்து துரு பிடிக்கத் தொடங்கினால் அடியுங்கோ. அப்ப விலையைக் கேட்க முன்னம், அடிக்கப் போறவர் முகத்தில் என்ன போடுறவர் எண்டு கேளுங்கோ. ஒழுங்கான முகமூடியும் காற்றோட்டமான அறையும் வைத்திருக்கிற இடம் கூடக் கேட்டால், முகம் சுழிக்காமல் குடுங்கோ.

அப்பா இன்னும் சமாதானமாகவில்லை. போன கிழமை தொடக்கம் காரை மாமரத்துக்குக் கீழ விடுறார். வெயில் இல்லை, இப்ப காகத்தோட சண்டை.