மேட்டூர் 120 அடி தொட்டாச்சு... அப்போ தண்ணீர் கவலை தீர்ந்துடுச்சா? அணைக் கணக்கு சொல்வது என்ன?

2024 ஜூன் 12. குறுவை சாகுபடிக்காக மேட்டூர் அணையிலிருந்து வழக்கமாக தண்ணீர் திறக்கும் நாள். ஆனால் அந்த வருஷம் மதகு திறக்கப்படவில்லை. காரணம், அணையில் இருந்தது சுமார் 43 அடி தண்ணீர்தான்.

ஏழு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. ஜூலை 30ஆம் தேதி அதே அணை முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. அடுத்த சில நாட்களில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் உபரிநீர் வெளியேற்றப்பட, அதில் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது.

ஜூனில் பஞ்சம், ஆகஸ்டில் வெள்ளம். இத்தனை அணைகள் இருந்தும் ஏன் இப்படி? இந்தியாவால் உண்மையில் எவ்வளவு தண்ணீரைச் சேமிக்க முடிகிறது?

முதலில், டிஎம்சி என்றால் என்ன?

நூறு கோடி கனஅடி தண்ணீர்தான் ஒரு டிஎம்சி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி லிட்டர். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஓடினால் ஒரு டிஎம்சி சேரும்.

அப்படிப் பார்த்தால், விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி திறந்தால் ஒரே நாளில் 8.6 டிஎம்சி காலி. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகளின் மொத்தக் கொள்ளளவே சுமார் 11.75 டிஎம்சிதான்.

60 அடி இருந்தால் அணை பாதி நிறைந்ததா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அணை என்பது நேரான சுவர் கொண்ட தொட்டி இல்லை. அடியில் குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும், கிட்டத்தட்ட புனல் மாதிரி.

மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டிஎம்சி. 60 அடியில் இருப்பது சுமார் 25 டிஎம்சி, அதாவது கால்வாசியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 100 அடியில் சுமார் 65 டிஎம்சி. கடைசி 20 அடியில் மட்டும் ஏறக்குறைய 28 டிஎம்சி அடங்குகிறது. அதனால் அடிக்கணக்கை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதோ பயப்படுவதோ சரியாக இருக்காது.

நாடு முழுக்க எவ்வளவு சேமிக்க முடியும்?

இந்தியாவின் பெரிய அணைகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய அளவில் சேமிக்கக்கூடியது சுமார் 257.8 பில்லியன் கனமீட்டர். இதில் முக்கியமான நீர்த்தேக்கங்களை மத்திய நீர் ஆணையம் கண்காணித்து, வாராவாரம் அறிக்கை வெளியிடுகிறது. மொத்தக் கொள்ளளவில் சுமார் 71 சதவீதம் இவற்றுக்குள் வந்துவிடுகிறது.

கேட்கும்போது பெரிய எண்ணாகத் தெரியும். 140 கோடிக்கும் அதிகமான மக்களுக்கு வகுத்தால், தலைக்கு சுமார் 180 கனமீட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 15 லாரி, ஒரு வருஷத்துக்கு. குடிக்க, குளிக்க மட்டும் என்றால் இது தாராளம். ஆனால் ஒரு கிலோ அரிசி விளையவே 2,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவை. வயலுக்கும் தொழிற்சாலைக்கும் சேர்த்துத்தான் இந்த 15 லாரி.

'நாட்டின் அணைகளில் இத்தனை சதவீதம்' என்ற செய்தியை நம்பலாமா?

எண் சரிதான். ஆனால் அது சராசரி. 2024 ஏப்ரல் கடைசியில் தென் மாநில அணைகளின் இருப்பு வெறும் 17 சதவீதம். பெங்களூருவில் மக்கள் டேங்கருக்குக் காத்திருந்த நேரம் அது. அதே சமயம் கிழக்கு மாநில அணைகளில் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. அங்கே இருக்கும் தண்ணீர் இங்கே வராது. அதனால் தேசிய சராசரியைவிட, உங்கள் ஊருக்குத் தண்ணீர் தரும் ஆற்றுப்படுகையின் கணக்குதான் முக்கியம்.

100 சதவீதம் என்றால் உண்மையிலேயே 100 சதவீதமா?

இதுதான் அதிகம் பேசப்படாத சிக்கல். ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை, வண்டலையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அணையில் ஓட்டம் நின்றதும் வண்டல் அடியில் படியும். வருஷா வருஷம் தண்ணீருக்கான இடம் குறையும்.

கர்நாடகாவின் துங்கபத்ரா அணை நல்ல உதாரணம். 1950களில் கட்டப்பட்டபோது கொள்ளளவு சுமார் 133 டிஎம்சி. இப்போது சுமார் 105.8 டிஎம்சி. காணாமல் போன 27 டிஎம்சி, சென்னையின் ஐந்து ஏரிகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

துங்கபத்ராவில் மறு அளவீடு செய்து கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் 1934ல் திறக்கப்பட்ட மேட்டூருக்கு இன்றும் சொல்லப்படுவது அதே 93.47 டிஎம்சிதான். வண்டல் பிடித்திருக்கும் இடமும் அந்தக் கணக்கில் தண்ணீராகவே வருகிறது.

ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் 3,700 அணைகள் 2050க்குள் தங்கள் ஆரம்பக் கொள்ளளவில் சராசரியாக 26 சதவீதத்தை இழந்துவிடும்.

வயசும் ஒரு பிரச்னையா?

ஆமாம். நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகள் 50 வயதைத் தாண்டியவை. 200க்கும் மேற்பட்டவை நூறு வயதைத் தாண்டியவை.

2024 ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு, துங்கபத்ராவின் 33 மதகுகளில் 19ஆம் எண் மதகின் சங்கிலி அறுந்து, மதகே அடித்துச் செல்லப்பட்டது. அணை ஏறக்குறைய நிரம்பியிருந்த நேரம். தற்காலிகத் தடுப்பு பொருத்த ஒரு வாரம் ஆனது. அதற்குள் விவசாயிகள் நம்பியிருந்த தண்ணீர் கண்ணெதிரே ஓடிப்போனது. அடுத்த வருஷம் பாதுகாப்பு கருதி அணையில் சுமார் 80 டிஎம்சி மட்டுமே தேக்க முடிவானது. 133, 105, 80 என்று ஒரே அணையின் கணக்கு இப்படி இறங்கியிருக்கிறது.

நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா?

அணை அதிகாரிகளுக்கு இது பெரிய தலைவலி. சீக்கிரம் நிரப்பினால் கோடைக்குக் கவலை இல்லை, ஆனால் திடீர் கனமழை வந்தால் மொத்தமாகத் திறக்க வேண்டிவரும். காலியாக வைத்து மழை பொய்த்தால் வறட்சி. 2015 சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கமும், 2018 கேரள வெள்ளத்தில் இடுக்கியும் விவாதப் பொருளானது இதனால்தான். பருவமழை குறைந்த நாட்களில் மொத்தமாகக் கொட்டும் போக்கு அதிகரிக்க, இந்த முடிவு இன்னும் கடினமாகிறது.

புதுசா அணை கட்டினால் தீருமா?

அவ்வளவு சுலபம் இல்லை. நல்ல இடங்கள் பலவற்றில் ஏற்கனவே அணை இருக்கிறது. புதிதாகக் கட்டினால் காடும் ஊர்களும் மூழ்கும், மாநிலங்களுக்கு இடையே தகராறு வரும். 67 டிஎம்சி கொள்ளளவுக்குத் திட்டமிடப்படும் மேகதாது, தமிழ்நாடு-கர்நாடகா இடையே பல வருஷமாக இழுபறியில் இருப்பது தெரிந்ததே.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2024 மதிப்பீட்டின்படி இந்தியா வருஷத்துக்கு உறிஞ்சும் நிலத்தடி நீர் சுமார் 245 பில்லியன் கனமீட்டர். எல்லாப் பெரிய அணைகளின் கொள்ளளவுக்கும் கிட்டத்தட்ட சமம். அதாவது, நாட்டின் இன்னொரு பெரிய நீர்த்தேக்கம் நம் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. அதை நிரப்ப ஏரி, குளம், கண்மாய்களும் உதவுகின்றன. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றைத் தூர்வாரி, வரத்து வாய்க்கால்களை மீட்பதற்கு எந்த மாநிலத்தின் சம்மதமும் தேவையில்லை.

அடுத்த முறை 'அணை நிரம்பியது' என்ற நோட்டிஃபிகேஷன் வந்தால்...

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அடிக்கணக்கா, டிஎம்சியா? அந்த அணையின் கொள்ளளவு கடைசியாக எப்போது அளக்கப்பட்டது? அடுத்த மழை வரை எத்தனை மாதம் தாங்க வேண்டும்?

மேட்டூர் ஒரு மழைக்காலத்தில் பலமுறைகூட நிரம்பலாம். ஆனால் டெல்டா விவசாயிக்குத் தெரிய வேண்டியது, அடுத்த ஜூன் 12ஆம் தேதி மதகு திறக்குமா என்பதுதான்.