பல்லோடு பல் சேரணும்!

மாமியாரையும், ஜீப்பின் ஃபோர் வீல் லீவரையும் அதட்டி வழிக்குக் கொண்டுவந்தவர்கள் சரித்திரத்தில் கிடையாது. முதலாவதைப் பற்றி எழுதினால் வீட்டில் காபி கிடைக்காது. ஆகவே இந்த வாரம் இரண்டாவது!

ராஜபாளையத்தில் மேற்கே பார்த்து நின்றால் மலைதான். அடிவாரத்து மாந்தோப்பு, தென்னந்தோப்புப் பாதைகளில் மணலும் உருண்டைக் கல்லும். அங்கே பின் சக்கரம் மட்டும் சுற்றினால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முன் சக்கரமும் கைகொடுக்கணும். அதற்குத்தான் கியருக்குப் பக்கத்தில் அந்தக் குட்டி லீவர்.

நண்பர் ஒருவர் செகண்ட் ஹாண்டில் பழைய ஜீப் வாங்கினார். தோப்புக்குப் போகும் வழியில், ஓடை மணலில் பின் சக்கரம் பொதக்கென்று இறங்கியது. லீவரை இழுத்தார். அசையவில்லை. காலை முட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். 'கர்ர்ர்...' என்று உள்ளே யாரோ பல்லைக் கடித்தார்கள். மலை உச்சியில் கறுப்பாக மேகம். இது சிரிக்கிற விஷயமில்லை சார். மேலே மழை பெய்தால், கீழே வெயிலடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும்.

தேங்காய் லோடு ஏற்ற வந்த டிரைவர் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"தம்பி, மல்லுக்கட்டாதீங்க. உள்ள பல்லு மேல பல்லு முட்டிக்கிட்டு நிக்குது. கிளட்சை மிதிச்சுக்கோங்க. நாங்க வண்டிய ஒரு முழம் அசைக்கிறோம். அப்புறம் மெதுவாத் தள்ளுங்க."

அசைத்தோம். 'டக்'. விழுந்துவிட்டது! ஆனாலும் முன் சக்கரம் சுற்றவில்லை. அண்ணாச்சி குனிந்து முன் சக்கரத்தின் நடுவே இருந்த திருகைப் பார்த்தார். ஹப் 'ஃப்ரீ'யில் இருந்தது. இரண்டு பக்கமும் 'லாக்'கில் திருப்பினார். நாலும் பிடித்தது, கரையேறினோம்.

அப்போதும் விழாவிட்டால்? லீவரின் கம்பி இணைப்பில் சேறு இறுகியிருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம், டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் குறைந்திருக்கலாம். பட்டனை அழுத்தும் புது வண்டியென்றால் முதலில் ஃப்யூஸ், அடுத்து வயர், கடைசியில்தான் மோட்டார். ஃபோர் ஹெச் போட மெதுவாக, நேராக உருட்டினால் போதும். ஃபோர் எல் போட அநேகமாக நின்றே ஆகணும்.

கதை இத்தோடு முடியவில்லை. ஜெயித்த ஜோரில் நண்பர் ஃபோர் வீலை எடுக்காமலே தார் ரோட்டில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டார், பால்கோவா வாங்க! ஊருக்குள் திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுகியது, டயர் கிறீச்சிட்டது. இப்போது லீவர் வெளியே வர மாட்டேன் என்றது!

காரணம் தெரிய, ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் மூலை திரும்புவதைப் பாருங்கள். உள் சக்கரம் நின்ற இடத்திலேயே முனகும். வெளிச் சக்கரம் பெரிய வட்டம் போடும். ஜீப் திரும்பும்போதும் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடணும், பின் சக்கரங்கள் குறைவாக. ஆனால் ஃபோர் வீலில் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டோம். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுக்கப் பற்சக்கரத்தில் ஏறி, லீவரைக் கவ்விக்கொள்ளும். நாலு டயரும் ஒரே சைஸில், சரியான காற்றோடு இல்லாவிட்டாலும் இதே வினைதான்.

வைத்தியம் சுலபம். ரிவர்ஸில் நேராகச் சில அடி போங்கள். முறுக்கு அவிழும், லீவர் வெண்ணெய் மாதிரி வரும். வந்தது!

மாதம் ஒரு தடவை மண் பாதையில் போட்டு எடுத்துப் பழகுங்கள். அதற்காகச் செண்பகத்தோப்புக் காட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமான அந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. புலிக்கு எப்போதும் ஃபோர் வீல்தான், லீவரே கிடையாது!

கடைசியாக ஒன்று. இரண்டடி ஆழம் ஓடுகிற தண்ணீர், ஜீப்பையும் தள்ளிக்கொண்டு போய்விடும். ஓடையில் சிக்கி, மேலே மேகம் கறுத்தால் லீவரோடு சண்டை போடாதீர்கள். இறங்கிக் கரைக்கு நடங்கள். ஜீப்பை நாளைக்குக்கூடக் கயிறு கட்டி இழுக்கலாம்.