பகிடி என்று சொல்லாதேங்கோ

ரொறன்ரோவில் சாமான் வாங்கப் போகிற ஆட்களை இப்போது பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. அன்றைக்கு ஒரு வயதான அம்மா ஸ்ட்ரோபெரிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைக் கண்ணோடு ஒட்டிப் படித்தார். கலிபோர்னியா. பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளை கையை நீட்டியும், பெட்டியைப் பேசாமல் திரும்ப வைத்துவிட்டு நடந்தார். அந்த அம்மாவுக்கு அமெரிக்கர்கள் மேல் என்ன பகை இருக்கப்போகிறது? அவருடைய சொந்தங்களிலேயே பாதிப் பேர் அங்கே இருக்கக்கூடும்.

எனக்கும் இருக்கிறார்கள். நியூ ஜேர்சியில் அக்கா குடும்பம். "என்ன தம்பி, இந்தச் சமருக்கும் வரமாட்டியளோ? இன்னும் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். அந்தாள் பகிடிக்குச் சொன்னது" என்கிறார் அத்தான். கனடாவை 51ஆவது மாநிலமாக்குவது பற்றி அவர்களுடைய ஜனாதிபதி திரும்பத் திரும்பப் பேசியதுதான் அந்தப் பகிடி. 2025 மார்ச்சில் எங்கள் பொருட்களுக்கு 25 வீத வரி வந்ததும் பகிடியோ? ஒன்ராறியோவின் அரச மதுக்கடைகளில் அமெரிக்கப் போத்தல்களை எல்லாம் தட்டிலிருந்து இறக்கியது அத்தானுக்குத் தெரியாது. இங்கே காலையில் கண் விழித்தால் அவர்களுடைய செய்திதான். அங்கே நாங்கள் செய்தியே இல்லை. நாங்கள் 4 கோடி, அவர்கள் 34 கோடி. கவனிக்க அவர்களுக்கு என்ன அவசியம்? கோபத்தைக் கூடத் தாங்கலாம். நோகிறது என்று சொன்ன பிறகும் "அப்படியா?" என்று கேட்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கட ஆட்களையும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரியில் மொன்றியல் ஹொக்கி அரங்கில் கனடாவும் அமெரிக்காவும் மோதிய ஆட்டத்துக்கு முன் அமெரிக்கத் தேசிய கீதத்துக்குக் கூச்சல் போட்டார்கள். கோபம் எனக்கும் இருந்தது; ஆனாலும் கேட்கச் சகிக்கவில்லை. அந்த அமெரிக்க அணியின் தலைவர் யார்? ஓஸ்டன் மத்தியூஸ், எங்கட ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸின் தலைவர்! அவருடைய 34ஆம் இலக்கச் சட்டை இல்லாத பிள்ளை எங்கள் பக்கத்தில் குறைவு. ஆட்டம் தொடங்கி ஒன்பது விநாடிக்குள் மூன்று கைகலப்பு. அதில் ஒன்று அமெரிக்கரான பிரேடி கச்சக்குக்கும் கனடியரான சாம் பெனட்டுக்கும். பிரேடி எங்கள் ஒட்டாவா அணியின் தலைவர். அவருடைய அண்ணன் மத்தியூவோ அதே பெனட்டோடு புளோரிடா அணியில் ஆடுகிறவர். நாலு மாதம் கழித்து அண்ணனும் பெனட்டும் ஒன்றாக ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கினார்கள். பனித்தரையில் முட்டிமோதிவிட்டுப் பிறகு ஒரே அணியில் தோளோடு தோள் நிற்பது காலாகாலமாக எங்களுக்குள் இருந்த போட்டி. அதே தொடரில் பொஸ்ரனில் நடந்த இறுதி ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் எங்கட மக்டேவிட் கோல் போட்டுக் கனடா 3-2 என்று வென்றபோது நானும் துள்ளினேன். அந்தச் சந்தோசத்துக்குள் வரியையும் எல்லையையும் கொண்டுவந்து கலந்தவர்களை நான் மன்னிக்கமாட்டேன்.

எல்லை என்றதும் ஒரு நூலகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கியூபெக்கின் ஸ்ரான்ஸ்ரெட்டும் வேர்மொன்ற்றின் டேர்பி லைனும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள். ஹஸ்கல் என்ற குடும்பத்துத் தாயும் மகனும் 1904 அளவில் அங்கே ஒரு நூலகம் கட்டுவித்தார்கள். இரண்டு ஊராரும் வந்து வாசிக்கட்டும் என்றே எல்லையின் மேல் கட்டினார்கள். வாசிப்பு அறைத் தரையில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. புத்தகத் தட்டுகள் கனடாவில், முன்வாசல் அமெரிக்காவில். மேலே உள்ள நாடக அரங்கின் மேடை கனடாவில், பெரும்பாலான கதிரைகள் அமெரிக்காவில். நூறு வருடத்துக்கு மேலாக ஸ்ரான்ஸ்ரெட் சனம் நடைபாதையில் கொஞ்சத் தூரம் நடந்து, அந்த முன்வாசலால் உள்ளே போய் வந்தது. எந்தச் சாவடிக்கும் போகத் தேவையில்லை. அந்த வழியையும் 2025இல் அமெரிக்க அதிகாரிகள் மறித்துவிட்டார்கள். கனடாப் பக்கத்தில் இருந்த அவசர வழிக் கதவை வாசலாக்கித்தான் நூலகம் சமாளித்தது. புத்தகம் எடுக்க வருகிற சனத்தால் ஒரு வல்லரசுக்கு என்ன ஆபத்து?

இத்தனைக்கும் ஆபத்து வந்தபோதெல்லாம் ஓடி வந்தவர்கள் இதே இரண்டு சனமும்தான். 1917 டிசம்பரில் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துச் சுமார் 2,000 பேர் செத்தபோது, அன்றிரவே பொஸ்ரனிலிருந்து வைத்தியர்களோடு ரயில் புறப்பட்டது. நோவா ஸ்கோசியா இன்றும் நன்றியாக ஒவ்வொரு நத்தாருக்கும் பொஸ்ரனுக்கு ஒரு பெரிய மரம் அனுப்புகிறது. 2001 செப்ரெம்பர் 11 அன்று வானத்தில் பறந்துகொண்டிருந்த 38 விமானங்கள் நியூபவுண்ட்லாந்தின் கண்டரில் இறங்கின. 10,000 பேர் அளவு உள்ள அந்த ஊர் 6,500க்கும் அதிகமான பேருக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்தது.

எனக்கு அமெரிக்காவில் வாக்கில்லை. அங்கே இருக்கிற எங்கட சொந்தங்களுக்கு இருக்கிறது. ஏன் வரவில்லை என்று எங்களைக் கேட்கிற நேரத்தில், உங்கட தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு போன் எடுங்கோ. வரி, மாநிலம் எல்லாம் பேச நேரமில்லையென்றால், அந்த நூலக வாசலையாவது திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கோ.