முந்நூறு ரூபாய்க்கு எங்கே போகலாம்?

சென்ற ஆண்டு நம் வகுப்பு கொடைக்கானல் போனபோது எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன் அல்லவா? காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. தலைக்கு 2,000 ரூபாய் என்றார்கள். அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். அப்பாவுக்கு அந்த மாதம் வாரத்துக்கு மூன்று ஷிப்டுதான். "கடன் வாங்கித் தர்றேன், போய்ட்டு வா கண்ணு" என்றுதான் அம்மா சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். ஆனால் உங்களிடம் "காசு இல்லீங்கடா" என்று சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சல் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருந்தது. பிறகு விசாரித்தால், அன்று காய்ச்சலில் படுத்தவர்கள் மொத்தம் நான்கு பேர்!

அந்த மூன்று நாளில்தான் நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த 'சத்திய சோதனை'யைப் படித்தேன். 1888-ல் பாரிஸ்டர் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறியபோது காந்திக்கும் நம் வயதுதான், 18. போய் இறங்கியதும் பார்க்க வந்த டாக்டர் மேத்தாவின் உயரமான தொப்பியை எடுத்துத் தடவிப் பார்த்து, அதன் ரோமத்தைக் கலைத்துவிட்டார். அடுத்தவர் பொருளைத் தொடாதே, பழகிய உடனே கேள்வி கேட்காதே, சத்தமாகப் பேசாதே என்று மேத்தா அப்போதே பாடம் நடத்தினார். நம் டவுன் பஸ்ஸில் புஷ்பா தியேட்டர் ஸ்டாப் தாண்டுவதற்குள், "எந்தக் கம்பெனி, ஷிப்டுக்கு எவ்வளவு, அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா" வரை கேட்டுவிடுகிறார்கள். லண்டனில் நாம் எல்லோரும் பெயில்தான்.

அப்புறம் அவருக்கும் ஜென்டில்மேன் ஆசை பிடித்துக்கொண்டது. 10 பவுண்டுக்குக் கோட்டு சூட்டு, 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, 3 பவுண்டு கட்டி நடன வகுப்பு. கால் தாளத்துக்கு வரவில்லை. காதைப் பழக்க வேண்டும் என்று 3 பவுண்டுக்கு ஒரு வயலின்! மூன்று மாதத்தில் மயக்கம் தெளிந்தது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு அடுத்த பகுதி. அவர் பஸ் கட்டணம், தபால்தலை, பத்திரிகை என்று காசு காசாகக் கணக்கு எழுதி வந்தார். ஒரு குடும்பத்தோடு வாரப் பணம் கட்டித் தங்கியிருந்தார். அங்கத்திய வழக்கப்படி அவ்வப்போது அந்த வீட்டாரை வெளியே விருந்துக்குக் கூட்டிப் போக வேண்டும். வண்டிச் சத்தம் தனி. கூட வருவது பெண் என்றால் செலவு முழுக்க ஆண் தலையில். வெளியே சாப்பிட்டதற்காக வீட்டுக் கணக்கில் காலணா குறையாது. பார்த்தார், தனியாக அறை எடுத்துக்கொண்டார். அதுவும் போக வேண்டிய இடத்துக்கு அரை மணியில் நடந்து போகிற மாதிரி. தினம் 8, 10 மைல் நடை. பிறகு அதையும் சுருக்கி, வாரம் 8 ஷில்லிங்குக்கு ஒரே அறை, ஸ்டவ்வில் ஓட்ஸ் கஞ்சி, கோகோ. சாப்பாட்டுச் செலவு நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ். காய்ச்சல் என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை!

நம் டீக்கடைக்கு வருவோம். ஐந்து பேர் போனால் "நான் குடுக்கறேன், நீ வைடா" என்று சண்டை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் முறை எப்போது வரும் என்று கணக்குப் போட்டு, அன்றைக்குப் பின்கேட் வழியாகப் போகிறவன் நான். அவரவர் காசை அவரவர் கொடுப்பது வெள்ளைக்காரப் பழக்கம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். அதுவும் சரியில்லை. இங்கிலாந்தில் மதுக்கடைக்குக் கூட்டமாகப் போனால், 'ரவுண்டு' என்று ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும். அங்கேயும் என்னைப் போலப் பின்கேட் தேடுகிறவன் இருப்பான்.

ஆகவே சங்க நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. இந்த ஆண்டு ஊரை முடிவு செய்துவிட்டுப் பணம் கேட்காதீர்கள். முதலில் ஒரு பெட்டி வையுங்கள். தன்னால் முடிந்த தொகையை ஒவ்வொருவரும் பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதிப் போடட்டும். அதில் எது மிகக் குறைவோ, அதற்குள் ஊரைத் தேடுவோம். பாசஞ்சர் ரயிலில் கோவை போகலாம், ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம் பார்க்கலாம். மோட்டாரும் மெஷினும் படிக்கிற நமக்கு அது கொடைக்கானல் ஏரிக்குக் குறைந்ததா? மதியத்துக்கு வீட்டிலிருந்து கட்டுச்சோறு. "இதுக்கு வீட்லயே இருக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். போன தடவை நாங்கள் நான்கு பேர் வீட்டில்தான் இருந்தோம்.

என் சீட்டில் 300 என்று எழுதுவேன். கையெழுத்தை வைத்து எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் பெயரையும் போட்டுவிடுகிறேன்.