உள்ளரங்கில் தமிழுக்கு இடமில்லையா?

தமிழ்நாட்டில் எதைக் கட்டினாலும் அதன் நெற்றியில் பிறர் பெயர் எழுதப்படும். அதன் வயிற்றில் பிறர் சரக்கு நிரப்பப்படும். கட்டுதற்குரிய பணம் மட்டும் தமிழனின் மடியிலிருந்து எடுக்கப்படும். இவ்வெழுதா நெறிக்குச் சென்னைப் பெரியமேட்டு உள்விளையாட்டரங்கு ஒரு சான்று.

1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்கென எழுப்பப்பெற்ற அரங்கு அது. ஏறத்தாழ 8,000 பேர் அமரலாம். பெயரோ சவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கு! தில்லியில் ஒரு நேரு அரங்கு, கொச்சியில் ஒன்று, கோவையில் ஒன்று. பெயரைப் படிப்பவன் தான் எந்நாட்டில் நிற்கிறான் என்று அறிய வழியுண்டா? மற்போரும் சிலம்பமும் சடுகுடுவும் வளர்த்த இம்மண்ணில் ஒரு தமிழ மறவனின் பெயரும் கிடைக்கவில்லையாம்!

இதை இன்று பேசுவதற்குக் கரணியம் உண்டு. சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகள் பெருநகரங்களாகப் பெருகிவிட்டன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. தொழிற்பேட்டையில் பொறியியக்குவோர், போரூர்தித் தொழிற்சாலையில் உழைப்போர் ஆகியோரின் பிள்ளைகள் அங்கு வளர்கின்றனர். பெரியமேட்டுக்கு ஈடான உள்ளரங்கு அவர்கட்கு அண்மையில் இல்லை. ஆவடிப் பிள்ளை இருபது கிலோமீட்டர் தொடர்வண்டியில் வரல் வேண்டும்; பூவிருந்தவல்லிப் பிள்ளைக்குப் பேருந்தே துணை. நாளை அங்கும் ஓர் அரங்கு எழத்தான் போகிறது. அது பெரியமேட்டின் படியாக எழலாகாது என்பதே நம் வழக்கு.

அரங்கு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. எவ்வாட்டத்துக்கு இடம், எம்மொழிக்கு மதிப்பு, எவருக்கு நுழைவு என்பவற்றை அதன் அமைப்பே முடிவு செய்கிறது.

சடுகுடுவைப் பாருங்கள்! தமிழ்ச் சிற்றூர்களில் சடுகுடு எனவும், ஆந்திரத்தில் செடுகுடு எனவும், மராட்டியத்தில் உதுதூ எனவும் வழங்கிய ஆட்டம் அது. ஒவ்வோர் ஊரானும் தன் தாய்மொழியில் பாடிக்கொண்டே எதிரணிக்குள் புகுந்தான். 1990இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவ்வாட்டம் இடம்பெற்றது, மகிழ்ந்தோம். ஆனால், பாடிச் செல்வோன் 'கபடி, கபடி' என்றே ஒலித்தல் வேண்டும் என்பது போட்டி நெறி. தமிழன் மூச்சடக்கி விடும் ஒலியிலும் தமிழுக்கு இடமில்லை! 2017இல் பெரியமேட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு ஆடிய அணிக்கோ 'தமிழ்த் தலைவாசு' என்று பெயர். 'தலைவா' என்னும் விளிச்சொல்லுக்கு ஆங்கிலப் பன்மையீற்றை வாலாக ஒட்டியிருக்கின்றனர். 'கள்' என்றோர் ஈறு தமிழில் இருப்பது அவர்கட்குத் தெரியாதா?

2024இல் தமிழ்நாட்டில் 'கேலோ இந்தியா' இளையோர் போட்டிகள் நடந்தன. 'கேலோ' என்றால் இந்தியில் 'விளையாடு' என்று பொருள். தமிழ்ப் பிள்ளையை 'விளையாடு' என்று ஏவுதற்கும் இந்தி வேண்டுமாம்! அடையாள உருவாக வேலு நாச்சியாரை வைத்தனர். சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தனர். பொம்மைக்கு நாச்சியார், பெயருக்கு இந்தி, வேடிக்கைக்குச் சிலம்பம். இதற்குப் பெயர் பெருமையா?

"விளையாட்டு உலகப் பொது, அதில் மொழிவெறி எதற்கு?" என்று மேதாவியர் சிலர் வினவுவர். அவர்கட்கு ஒன்று சொல்வோம். சூடோ ஆட்டம் உலகின் எந்த மூலையில் நடந்தாலும் நடுவர் கூவும் சொற்கள் சப்பானியம். வாட்போட்டியில் பிரெஞ்சு. டேக்வாண்டோவில் கொரிய மொழி. உலகப் பொது என்பதால் அவர்கள் தம் நாவை அறுத்துக்கொள்ளவில்லை. 1964 ஒலிம்பிக்கில் சூடோவுக்கெனத் தோக்கியோவில் எழுப்பிய புடோகான் அரங்கின் எண்கோணக் கூரை, அந்நாட்டுப் பழைய கோயிற் கூடமொன்றின் வடிவைத் தழுவியது. தன்னை இழக்காதவனையே உலகம் மதிக்கும்.

இனி, அமைப்பைப் பார்ப்போம். இறகுப்பந்து சிறு காற்றிலும் போக்கு மாறும்; ஆகவே கூடத்தை அடைக்கின்றனர். உலகப் போட்டிக்கு 12 மீட்டர் உயரம் தடையின்றி இருத்தல் வேண்டும். அடைத்த கூடம் நம் வெயிலில் வேகும், வேகாதிருக்கக் குளிரூட்டி, குளிரூட்டிக்கு மின்கட்டணம், அதை ஈடுகட்ட வாடகை, வாடகைக்குத் திரைப்பட விழா! 2022இலும் 2023இலும் பெரியமேட்டில் திரைப்பட இசை வெளியீட்டு விழாக்கள் நடந்ததை நாடறியும். ஆட்டக்களம் விழாக்கூடமானால் பிள்ளைகள் எங்கே ஆடுவர்?

சடுகுடுவுக்கு இவ்வளவு அடைப்புத் தேவையில்லை. ஆடவர்க்கு 13க்கு 10 மீட்டர், மகளிர்க்கு 12க்கு 8 மீட்டர் களம் போதும். மழைக்குக் கூரை, காற்றுக்குத் திறந்த பக்கங்கள், சுற்றிலும் தாழ்வாரம்: இது நம் முன்னோர் அறிந்த கட்டுமானமே. மெத்தைக் களத்தை நாம் வெறுக்கவில்லை. பெரும்போட்டிகள் மெத்தையில் நடப்பதால் மண்ணில் மட்டும் பழகிய பிள்ளை அங்கே தடுமாறுவான். இரண்டும் அருகருகே வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. மேற்கில் எழும் அரங்கு தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கல் வேண்டும்.

2. பலகை, ஒலிபெருக்கி, புள்ளிக் கணக்கு யாவும் தமிழில் அமைதல் வேண்டும். பிறமொழி வேண்டின் தமிழுக்குக் கீழே வருக. 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த மாநிலம் இது.

3. மண்களம், மெத்தைக் களம், கோல் சுழற்றும் உயரமுள்ள சிலம்பக் கூடம் மூன்றும் வேண்டும்.

4. மகளிர்க்குத் தனி உடைமாற்றறை, துப்புரவான கழிப்பறை, குடிநீர், ஊனமுற்றோர்க்குச் சாய்தளம், இரவுப் பயிற்சி முடிந்து வீடு திரும்பப் பேருந்து ஆகிய ஏந்துகள் முதல் நாளிலேயே இருத்தல் வேண்டும்.

5. அவ்வூர்ப் பிள்ளைகட்குப் பயிற்சி கட்டணமின்றி நடத்தல் வேண்டும். பயிற்சி நாள்களை விழாக்களுக்கு விற்றலாகாது.

மொழிஞாயிறு பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என ஒரு நூலே எழுதி வைத்தார். விளையாட்டில் மொழியும் இனமும் வாழ்வதை உணர்ந்த பேரறிஞர் அவர். அந்நூலைப் படித்த நாம் வாளா இருக்கலாமா?

தமிழ உடன்பிறப்புகளே! அரங்கு எழுந்தபின் பலகைக்குத் தார் பூசுவதினும், வரைபடம் தீட்டும்போதே குரல் கொடுப்பது மேல். ஆவடி மாநகராட்சிக்கும் அம்பத்தூர் மண்டல அலுவலகத்துக்கும் பூவிருந்தவல்லி நகராட்சிக்கும் ஆளுக்கோர் அஞ்சலட்டை தமிழில் எழுதுங்கள். நம் மண்ணில் நம் பிள்ளை, தன் மூச்சைத் தன் மொழியில் விடட்டும்!